அடுத்தென்ன நிகழும்?

(தமிழாசிரியரும் பெற்றோரும் கூடிய அவையொன்றில், இளையோர்க்குக் கதை கற்பிக்கும் நெறி பற்றி ஆற்றிய உரை)

 

‘கதை கற்பிப்பது எப்படி?’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கதை சொல்வதற்கும் ஒரு கற்பிப்பு முறை வேண்டுமோ என்று உங்களுள் சிலர் எண்ணலாம். வேண்டும் என்பதே என் விடை. அதனைப் புதிதாக எங்கிருந்தும் கொண்டுவர வேண்டியதில்லை. நம் வீட்டுத் திண்ணையில் அது முன்னரே இருந்தது. நாம்தான் அதனைப் பள்ளியின் வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தோம்.

பாட்டி கதை சொல்லுகின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் பிள்ளைகள் ‘உம்’ கொட்டுகின்றனர். ‘உம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். ‘உம்’ என்பது ‘கேட்டேன்’ என்பதற்கு மட்டும் அடையாளமன்று. ‘மேலே சொல்’ என்னும் ஆவலின் ஒலி அது. கதை ஓர் இடத்தை எட்டியதும் பாட்டி வெற்றிலையை எடுத்துக்கொண்டு வாளா இருந்துவிடுவாள். ‘அப்புறம் என்ன ஆயிற்று பாட்டி?’ என்று பிள்ளைகள் துடிப்பர். ‘நீயே சொல், என்ன ஆகியிருக்கும்?’ என்பாள் அவள். ஒருவன் ஒன்று சொல்வான். இன்னொருத்தி அதனை மறுப்பாள். மூன்றாமவன் இருவரையும் மறுத்துப் புதிதாக ஒன்று சொல்வான். எல்லாரும் சொல்லி முடித்த பின்னரே பாட்டி கதையைத் தொடர்வாள். எழுத்தறியாத அந்த மூதாட்டி அந்த நொடியில் செய்தது உயர்ந்த ஆசிரியத் தொழில்.

இனி, நம் வகுப்பறையைப் பாருங்கள். ஆசிரியர் கதையை முதலிலிருந்து இறுதிவரை ஒரே மூச்சில் படிக்கின்றார், பொத்தகத்தை மூடுகின்றார், ‘அரசன் பெயர் என்ன? அவனுக்கு எத்தனை மக்கள்? இக்கதை உணர்த்தும் அறம் யாது?’ என்று வினவுகின்றார். விடைகளையும் அவரே கரும்பலகையில் எழுதிப் போடுகின்றார். பிள்ளைகள் நெட்டுருப் பண்ணுகின்றனர். மதிப்பெண்ணும் கிடைக்கின்றது. ஆனால், அந்தக் கதைக்குள் எந்தப் பிள்ளையும் நுழையவே இல்லை. கோயிலின் மதிலைச் சுற்றிவந்து கற்களை எண்ணிவிட்டு வீடு திரும்பியவர் போல் அவர்கள் திரும்பிவிட்டனர்.

முன்னுணர்தல் என்பது யாது?

கதையைப் படித்துக்கொண்டே, அதுவரை வந்ததைக் கொண்டு, இனி வரப்போவதை உய்த்துணர்ந்து சொல்லுதலையே நான் முன்னுணர்தல் என்கின்றேன். இது குறி சொல்லுதல் அன்று; வாய்க்கு வந்ததைக் கூறுதலும் அன்று. இதற்கு மூன்று உறுப்புகள் உள. ஒன்று, கதையில் எழுத்தாளர் விட்டுச் சென்ற அடையாளம். இரண்டு, படிக்கும் பிள்ளை தன் வாழ்விலிருந்து கொண்டுவரும் பட்டறிவு. மூன்று, இவ்விரண்டையும் இணைக்கும் எண்ணம். இம்மூன்றுள் ஒன்று குறைந்தாலும் அது முன்னுணர்வு ஆகாது. அடையாளமின்றிச் சொல்வது வெற்றுப் புனைவு. பட்டறிவின்றிச் சொல்வது கிளிப்பேச்சு. எண்ணமின்றிச் சொல்வது குலுக்கிப் போட்ட சோழி.

இவ்வாற்றல் தமிழ்ப் பிள்ளைக்குப் புதியதன்று. நம் மொழியின் அமைப்பே அதனைப் பழக்குகின்றது. தமிழ்ச் சொற்றொடரில் வினைமுற்று இறுதியிலன்றோ வருகின்றது? ‘முருகன் தன் மடியிலிருந்த கடைசிக் காசை எடுத்து அந்தக் கிழவியின் கையில்…’ என்று சொல்லி நிறுத்துங்கள். வைத்தானா? வைக்கவில்லையா? வைக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டானா? உடன்பாடோ எதிர்மறையோ, நடந்ததோ நடக்கவிருப்பதோ, அனைத்தும் கடைசிச் சொல்லில் தங்கியிருக்கின்றன. அதுவரை கேட்பவர் உள்ளம் முன்னே ஓடிக்கொண்டே இருக்கின்றது. ‘வந்து’, ‘கண்ட’ என்றாற்போல் முடியாது நிற்கும் சொற்களுக்கு நம் இலக்கணத்தார் ‘எச்சம்’ என்று பெயரிட்டனர். எஞ்சி நிற்பது எச்சம். அஃது எதற்காகக் காத்திருக்கின்றது என்பதைக் கேட்பவர் உள்ளம் தேடுகின்றது. கதையும் ஒரு பெரிய எச்சமே. முடியும்வரை அது படிப்பவரை ஈர்த்துக்கொண்டே நிற்கின்றது.

தொல்காப்பியர் செய்யுளியலில் ‘பிசி’யை ஓர் இலக்கிய வகையாக வைத்துள்ளார். இன்று நாம் விடுகதை என்கின்றோமே, அதுதான் பிசி. சில அடையாளங்களை மட்டும் தந்து, சொல்லாத பொருளைக் கேட்பவரே கண்டுபிடிக்குமாறு விடுவது அது. மரபியலில் அவர் அடுக்கும் முப்பத்திரண்டு உத்திகளுள், வந்ததைக் கொண்டு வராததை உணர்த்துவதும், உய்த்துக்கொண்டு உணர்தலும் அடங்கும். அவை நூல் யாப்போர்க்கும் நூலுக்கு உரை காண்போர்க்கும் உரியவை என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும், எழுதாததையும் எழுதியதைக் கொண்டு உணரலாம் என்னும் தெளிவு நம்மவர்க்கு எத்துணைப் பழைமையானது என்பதற்கு அது சான்றாகும்.

நான் செய்த பிழை

இந்நெறியை நான் பொத்தகங்களிலிருந்து கற்றேன் என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகும். ஒரு சிறுமியிடமிருந்து கற்றேன். அவளுக்கு நான் இழைத்த தவற்றிலிருந்து கற்றேன். அதனை இந்த அவையில் சொல்லிவிடுவதே முறை.

பல்லாண்டுகளுக்கு முன்னர், மானாவாரி நிலம் மிகுந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பிற்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கதை இது: ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன், அவனுடைய குட்டி ஒன்று பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டது, உள்ளிருந்து அது கத்துகின்றது, அவனிடம் நீண்ட கயிறு ஒன்று இருக்கின்றது. அவ்விடத்தில் நிறுத்தி, ‘அவன் அடுத்து என்ன செய்வான்?’ என்று கேட்டேன். ‘கயிற்றை மரத்தில் கட்டி உள்ளே இறங்குவான்’ என்று வகுப்பே ஒரே குரலில் கூவியது. பொத்தகத்திலும் அவ்வாறுதான் இருந்தது. எனக்கு மகிழ்ச்சி. பின்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் எழுந்து, ‘இறங்க மாட்டான் ஐயா, ஊருக்குள் ஓடி ஆள் கூட்டி வருவான்’ என்றாள். நான், ‘தவறு, உட்கார்’ என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள்.

அதன் பின் பல கிழமைகள் அவள் என் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. பேர் சொல்லி எழுப்பினாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் அவள் தாயை வழியில் கண்டு வினவினேன். அந்த அம்மா சொன்ன செய்தியைக் கேட்டு நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். முந்தைய கோடையில் அந்தப் பிள்ளையின் தாய்மாமன், நெடுநாளாகப் பயன்படாமல் கிடந்த ஒரு கிணற்றைத் தூர்வார இறங்கினாராம். உள்ளே தேங்கியிருந்த நச்சுக்காற்று அவரை மேலே வரவிடவில்லை. அந்தக் கிணற்று மேட்டில் இந்தப் பிள்ளையும் நின்றிருந்தாளாம்.

அன்பர்களே! கதையில் ‘கிணறு’ என்று மட்டும் இல்லை. ‘பாழுங்கிணறு’ என்று இருந்தது. அந்தச் சொல்லை வகுப்பில் முப்பது பிள்ளைகளும் கடந்துபோயினர். ஆசிரியனாகிய நானும் கடந்துபோனேன். அவள் ஒருத்தி மட்டுமே அதனைப் பிடித்துக்கொண்டாள். எழுத்தில் இருந்த அடையாளத்தையும், தன் வாழ்வின் பட்டறிவையும் இணைத்து, அந்த வகுப்பிலேயே சிறந்த முன்னுணர்வை அவள்தான் சொன்னாள். என் கையில் இருந்ததோ விடை மட்டும். ‘ஏன் அம்மா அப்படிச் சொல்கிறாய்?’ என்று ஒரே ஒரு வினாவை நான் கேட்டிருந்தால், அன்று அந்த வகுப்பே கதையைவிடப் பெரியது ஒன்றைக் கற்றிருக்கும். ஒருவேளை, பின்னாளில் அவ்வகுப்பில் இருந்த ஒருவன் பாழுங்கிணற்றில் இறங்காமல் நின்றிருப்பான்.

‘எதைக் கொண்டு சொல்கிறாய்?’ என்னும் இவ்வொரு வினாவே இந்நெறியின் உயிர். ‘அடுத்தென்ன நிகழும்?’ என்பது பாதி வினா. ‘எதைக் கொண்டு?’ என்பதே அதனை நிறைவாக்கும் மறுபாதி.

செய்முறை

இனி, இதனைச் செய்யும் முறையைச் சுருங்கச் சொல்கின்றேன்.

முதற்கண், கதையைத் தொடங்குமுன் தலைப்பையும் முதற்படத்தையும் காட்டி, ‘இஃது எதைப் பற்றிய கதையாக இருக்கலாம்?’ என்று கேளுங்கள். இதில் இரண்டு மணித்துளிக்கு மேல் நிற்க வேண்டா. அடையாளங்கள் மிகக் குறைவாக உள்ள இடம் அது. அங்கே நெடுநேரம் பேசுவது வெறும் உமி குத்துவதாகும்.

அடுத்து, நிறுத்துமிடங்களை நீங்கள் முன்கூட்டியே தேர்ந்து வைத்திருங்கள். ஒரு கதைக்கு மூன்று நிறுத்தங்கள் போதும். கதைமாந்தர் ஒருவர் இதுவோ அதுவோ என்று முடிவெடுக்க வேண்டிய இடமே நிறுத்துதற்கு உரிய இடம். முடிவெடுத்த பின் நிறுத்துவதால் பயனில்லை.

மூன்றாவதாக, பிள்ளைகள் வாயால் சொல்லுமுன் பலகையிலோ தாளிலோ ஒரு வரி எழுதட்டும். இல்லையேல் முன்வரிசையில் கைதூக்கும் நால்வரே எல்லார்க்கும் எண்ணிவிடுவர். பின்வரிசை அவர்களைப் பின்பற்றித் தலையாட்டும். எழுதிவிட்டவனுக்குத் தன் கருத்து ஒன்று உண்டு. அதனைக் காக்கவோ மாற்றவோ அவன் கதையைக் கூர்ந்து கேட்டே ஆக வேண்டும்.

நான்காவதாக, தொடர்ந்து படியுங்கள். பின்னர், ‘நீ எண்ணியது நடந்ததா? நடக்கவில்லையெனில், நாம் காணத் தவறிய அடையாளம் எது?’ என்று திரும்பிச் சென்று தேடச் செய்யுங்கள். திரும்பிச் செல்லுதலில்தான் மெய்யான படிப்பு இருக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டு தருகின்றேன். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று நானே கட்டிய சிறு கதை இது.

‘பொன்னிக்கு அன்றுதான் புதிய பாடப்பொத்தகம் கிடைத்திருந்தது. அதன் மணத்தை மூன்று முறை முகர்ந்து பார்த்துவிட்டுக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். காற்று அடங்கிக் கிடந்தது. திண்ணை ஓரத்தில் எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு சுவரில் ஏறின. “குடையை எடுத்துப் போ” என்றாள் அம்மா. “வெயில் அடிக்கிறதே அம்மா, சுமை எதற்கு?” என்று ஓடிவிட்டாள் பொன்னி.’

இங்கே நிறுத்துகின்றேன். மழை வரும் என்று பிள்ளைகள் சொல்லுகின்றனர். எதைக் கொண்டு? அம்மா குடையை நீட்டியதைக் கொண்டு என்பர் சிலர். எறும்பு முட்டை சுமந்து மேடேறினால் மழை வரும் என்று நாட்டுப்புறப் பிள்ளை சொல்லும். நகரத்துப் பிள்ளை அந்த எறும்புகளைக் காணாமலே தாண்டிப் போகும். அவன் அறிவில் குறைந்தவன் அல்லன். எறும்பைப் பார்க்கும் வாய்ப்பில் குறைந்தவன். நாட்டுப்புறப் பிள்ளை அவனுக்குச் சொல்லித் தரட்டும். அங்கே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு ஆசிரியன் ஆகின்றான்.

கதை தொடர்கின்றது. ‘பாதி வழியில் வானம் இருண்டது. பெருந்துளிகள் விழுந்தன. வேலியோரத்தில் நின்ற வாழையின் இலை ஒன்று முறிந்து தொங்கியது. பொன்னி அதனை இழுத்து எடுத்தாள். அது சிறிய இலை.’

மீண்டும் நிறுத்துகின்றேன். இலை என்ன ஆகும்? ‘தலைக்குப் பிடித்துக்கொள்வாள்’ என்பர் பெரும்பாலோர். சற்றுப் பொறுத்தால் ஒரு குரல் எழும்: ‘இல்லை ஐயா, பொத்தகத்தைச் சுற்றிக்கொள்வாள், அவள் நனைவாள்.’ எதைக் கொண்டு? ‘மூன்று முறை முகர்ந்து பார்த்தாளே!’ அப்பொழுது வகுப்பில் எழும் அந்த ‘ஆ!’ என்னும் ஒலியை நீங்கள் ஒருமுறை கேட்டுவிட்டால், பின் வேறு வகையில் கதை கற்பிக்க உங்களுக்கு மனம் வராது. நிகழ்ச்சியைக் கொண்டு மட்டுமன்றி, ஒருவருடைய பண்பைக் கொண்டும் அவர் செய்யப்போவதை உணரலாம் என்பதைப் பிள்ளைகள் அங்கே தாமாகவே கண்டுகொள்கின்றனர்.

முன்னரே கதை அறிந்த பிள்ளையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். காக்கையும் நரியும் வடையும் பற்றிய கதையை அறியாத பிள்ளை இல்லை. பாடச் சொன்னதும் காக்கை வடையைக் காலடியில் வைத்துவிட்டுப் பாடியது என்று மாற்றிச் சொல்லும் வழக்கும் நம்மிடையே உண்டு. ஆகையால், ‘இந்தக் காக்கை பழைய காக்கையா, புதிய காக்கையா? அடையாளம் எங்கே?’ என்று கேளுங்கள். அறிந்த பிள்ளையும் விழித்துக்கொள்ளும்.

வளர்ந்த மாணாக்கர்க்கு

மேல்வகுப்பு மாணாக்கர்க்கு இது சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டா. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகின்றனர். அவர்களுக்கு வரவிருப்பதை முன்னரே அறிந்தாற்போல் வையை தன் உடலை மலர்களால் போர்த்துக் கண்ணீரை மறைத்துக்கொள்கின்றது. அவர்களோ அதனை மலராறு என்று வியந்து கடக்கின்றனர். கோட்டை மதிலின் கொடிகள், ‘இங்கு வாராதீர்’ என்று கைகாட்டி மறிப்பன போல் அசைகின்றன. அவர்கள் உள்ளே போகின்றனர்.

இப்பகுதியை நாம் எவ்வாறு கற்பிக்கின்றோம்? ‘இதில் அமைந்துள்ள அணி யாது?’ என்று கேட்கின்றோம். ‘தற்குறிப்பேற்ற அணி’ என்று மாணாக்கன் எழுதுகின்றான். இரண்டு மதிப்பெண் கிடைக்கின்றது. முடிந்தது. அந்தக் கொடி யாருக்காக அசைந்தது? கோவலன் அதனைப் பார்க்கவில்லை, கண்ணகி பார்க்கவில்லை. படிக்கின்ற நமக்காகவன்றோ இளங்கோவடிகள் அதனை அசையவிட்டார்! ‘அந்த நகருள் இவர்களுக்கு என்ன நேரப் போகின்றது? எதைக் கொண்டு சொல்கிறாய்?’ என்று கேட்டிருந்தால், அந்த மாணாக்கன் பின்னோக்கிப் போயிருப்பான். புகார்க் காண்டத்தில் கனாத்திறம் உரைத்த காதையில், தான் கண்ட கனவைத் தேவந்தியிடம் கண்ணகி சொல்லும் இடத்தை அடைந்திருப்பான். ஒரு பெருநகர், பொருந்தாத பழி, கோவலனுக்குத் தீங்கு, அரசன் முன் வழக்குரை, அரசனுக்கும் ஊருக்கும் கேடு என அனைத்தும் அங்கே நிழலாகக் கிடக்கின்றன. கனவும் ஆறும் கொடியும் ஒரே கோட்டில் வந்து நிற்பதை அவன் தானே கண்டிருப்பான். அணியின் பெயரும் அவனுக்கு மறவாது. அதன் கரணியமும் விளங்கும்.

‘முடிவு எல்லார்க்கும் தெரிந்த காப்பியத்தில் முன்னுணர்தற்கு என்ன இருக்கின்றது?’ என்பீர்களானால், காப்பியத்தின் பதிகமே கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகின்றது என்பதை நினைவூட்டுவேன். ‘என்ன நிகழும்’ என்பது தெரிந்த பின்னர், ‘எவ்வாறு நிகழும், ஏன் தடுக்க முடியவில்லை’ என்னும் வினாக்கள் எழுகின்றன. அவை முன்னதைவிட ஆழமானவை. தெருக்கூத்தில் விடியவிடிய அமர்ந்திருப்போர் எல்லார்க்கும் முடிவு தெரியும். தெரிந்தும் அவர்கள் எழுந்து போவதில்லை.

ஆய்ந்தோர் கண்டதும் ஓர் எச்சரிக்கையும்

மேலைநாட்டுக் கல்வியாளரும் இதனை ஆய்ந்து முறைப்படுத்தியுள்ளனர். அமெரிக்க நாட்டின் தெலாவேர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இரசல் சுடாபர் 1969-இல் வெளியிட்ட நூலில், முன்னுணர்ந்து சொல்லுதல், படித்தல், மெய்ப்பித்தல் என்னும் மூன்று படிகளைக் கொண்ட வாசிப்பு நெறியை விரித்துரைத்தார். ஆன்மேரி பாலிங்சர், ஆன் பிரவுன் என்னும் இரு பெண்மணிகள் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. எழுத்தைத் தடையின்றிப் படித்தும் பொருள் உணர மாட்டாதிருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். முன்னுணர்தல், வினாவுதல், ஐயம் தெளிதல், தொகுத்துக் கூறல் ஆகிய நான்கையும் பயிற்றினர். ஆசிரியர் முதலில் செய்துகாட்டுவார். பின்னர்ப் பிள்ளைகளே முறைவைத்து ஆசிரியராக அமர்ந்து நடத்துவர். அவர்களுடைய பொருளுணர்வு பெரிதும் உயர்ந்தது. நம் பாட்டி திண்ணையில் செய்ததற்கும் இதற்கும் உள்ள உறவை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இதனை ஆசிரியப் பெருமக்கள் நன்கு நெஞ்சில் இருத்துக. முன்னுணர்தல் கதைக்கு உரியது. எழுத்துக்கு உரியது அன்று. 1967-இல் கென்னத் குட்மன் என்னும் அறிஞர், வாசிப்பே ஒருவகை உய்த்துணர்வு விளையாட்டு என்று எழுதினார். அக்கருத்தைப் பிடித்துக்கொண்டு, படத்தைப் பார்த்தும் முன்பின் சொற்களைப் பார்த்தும் தெரியாத சொல்லைக் குத்துமதிப்பாகச் சொல்லுமாறு பிள்ளைகளைப் பழக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. பின்வந்த ஆய்வுகள் அதனை ஏற்கவில்லை. தேர்ந்த வாசகர் ஒவ்வொரு சொல்லையும் விரைந்து, உள்ளவாறே படிக்கின்றனர். எழுத்தறிவில் தடுமாறுவோரே சூழலைப் பிடித்துக்கொண்டு சொல்லைத் தேடுகின்றனர் என்பதைக் கீத் சுடானோவிச் என்னும் ஆய்வாளர் 1980-இல் எடுத்துக்காட்டினார்.

ஆகவே, ‘ஆடு’ என்று எழுதியிருக்க, படத்தைப் பார்த்து ‘குட்டி’ என்று படிக்கும் பிள்ளையைப் பாராட்டிவிடாதீர்கள். அவன் படிக்கவில்லை, தப்பிக்கின்றான். நம் தமிழெழுத்தோ ஒலியோடு நெருங்கிய உறவுடையது. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் முறையாகக் கற்ற பிள்ளை எந்தச் சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். அந்த அடித்தளத்தை முதலில் திண்ணமாக இடுங்கள். எழுத்தறியாத பிள்ளைக்குக் கதையை நீங்கள் படித்துக் காட்டுங்கள். அவன் செவியால் கேட்டு முன்னுணரட்டும். எழுத்து கைவந்த பின் கண்ணால் படித்து முன்னுணரட்டும். ‘பாழுங்கிணறு’ என்னும் சொல்லை ஒழுங்காகப் படித்ததனால்தான் அந்தச் சிறுமியால் எண்ண முடிந்தது என்பதை மறவற்க.

வேறு சில பிழைகளையும் தவிர்க்க வேண்டும். வரிக்கு வரி நிறுத்தினால் கதை செத்துவிடும். சரியாகச் சொன்னவனுக்கு மட்டும் கைதட்டினால், மற்றவர் வாயை மூடிக்கொள்வர், அல்லது கள்ளத்தனமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பர். பாராட்டு அடையாளத்தைக் கண்டதற்கு உரியது. முடிவைத் தொட்டதற்கு உரியதன்று. தக்க சான்றோடு சொல்லி, கதை வேறு வழியில் போய்விட்டால், அது பிள்ளையின் தோல்வியன்று. எழுத்தாளர் வைத்த திருப்பம் அது. தன் கருத்தை நடுவில் மாற்றிக்கொண்ட பிள்ளையை, ‘முன்னே ஒன்று சொன்னாயே’ என்று இடிக்காதீர்கள். சான்று மாறும்போது கருத்தை மாற்றிக்கொள்வதே அறிவு. பெரியவர்களாகிய நம்மிடமே அது குறைவு.

இன்னொன்று. பட்டறிவில்லாத களத்தில் முன்னுணர்வு தளிர்க்காது. உறைபனியும் கணப்படுப்பும் நிறைந்த கதையை முதற்கதையாகக் கொடுத்து, ‘அடுத்தென்ன?’ என்று கேட்டால், தமிழ்நாட்டுப் பிள்ளை எதைக் கொண்டு சொல்வான்? அயல்நாட்டுக் கதைகள் வேண்டா என்பது என் கருத்தன்று. உலகக் கதைகள் எல்லாம் தமிழில் வரட்டும். ஆனால், தன் மொழியில், தன் மண்ணின் எறும்பும் ஏரியும் வாழையும் வரும் கதைகளில் அவன் முதலில் கால் ஊன்றட்டும். பின்னர்ப் பனிநாட்டுக் கதையை, வேண்டிய விளக்கம் தந்து படிக்கச் செய்யுங்கள். பொருள் விளங்காத மொழியில் பிஞ்சு வயதிலேயே கதை படிக்க வைக்கும் பெற்றோர்க்கும் இதையே சொல்கின்றேன். சொல்லுக்கே பொருள் தெரியாத பிள்ளைக்குச் சொல்லாததை உணரும் வழி ஏது?

இதனால் வரும் பயன்

கதையில் அடுத்தது என்ன என்று எண்ணுவதால் நாட்டுக்கு என்ன நன்மை என்று கேட்போர் உளர். கைப்பேசித் திரையில் ஓடும் படங்கள், அடுத்ததை நாம் எண்ணுமுன் அடுத்ததைக் காட்டிவிடுகின்றன. அவற்றிலேயே வளரும் பிள்ளை காத்திருக்கவும் கற்பதில்லை. கருதிப் பார்க்கவும் கற்பதில்லை. அவன் வளர்ந்து குடிமகன் ஆவான். மேடையில் ஒருவர் இனிக்க இனிக்க வாக்குறுதி தருவார். விளம்பரத்தில் ஒருவர் ஈராண்டில் பணம் இரட்டிக்கும் என்பார். ‘எதைக் கொண்டு சொல்கிறீர்? இதற்கு முன் நீர் செய்தது என்ன? ஆகவே, இனி என்ன செய்வீர்?’ என்று கேட்கும் பழக்கம் அவனுக்கு இருபது அகவையில் திடீரென வந்துவிடுமா? ஏழு அகவையில், பொன்னியின் வாழையிலையைப் பற்றி எண்ணியபோதே அது முளைவிட்டிருக்க வேண்டும். வருமுன் காக்கும் மக்களை உருவாக்க விரும்புவோர், வருவதை முன்னுணரும் பிள்ளைகளை உருவாக்க வேண்டும்.

பெற்றோரே! இதற்குப் பெரும்பொருள் வேண்டா. இரவு உணவுக்குப் பின் பத்து மணித்துளி போதும். ஒரு கதைப்பொத்தகம், பக்கத்தில் உங்கள் பிள்ளை, இடையில் ஒரே ஒரு நிறுத்தம். ‘அடுத்தென்ன நிகழும்?’ என்று கேளுங்கள். அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, ‘எதைக் கொண்டு சொல்கிறாய்?’ என்று கேளுங்கள். எழுத்தறியாத தாயும் வாய்க்கதையாகவே இதனைச் செய்யலாம்.

ஆசிரியப் பெருமக்களே! விடைநூலைச் சற்றே தள்ளி வையுங்கள். பின்வரிசையில் எழுந்து நிற்கும் ஒற்றைக் குரலைக் கேளுங்கள். அந்தத் தாயைக் கண்டு பேசிய மறுநாள், நான் வகுப்பின் முன் நின்று, ‘அன்று தவறு செய்தது இந்தப் பிள்ளை அன்று, நான்தான்’ என்று சொன்னேன். பாழுங்கிணறு என்னும் சொல்லைப் பலகையில் எழுதி, அதன் பொருளை அவளையே சொல்லச் சொன்னேன். அவள் உடனே பேசிவிடவில்லை. நெடுநேரம் நின்றாள். பின்பு மெல்ல, ‘உள்ளே காற்று இருக்காது ஐயா’ என்றாள். அன்று எவரும் சிரிக்கவில்லை.

அந்த ஒரு தொடரைக் கேட்பதற்காக நான் அத்தனைக் கிழமைகள் காத்திருக்க நேர்ந்தது. உங்கள் வகுப்பில் அத்தகைய குரல் எழும்பொழுது, நீங்கள் ஒரு நொடியும் காத்திருக்க வேண்டா, ‘ஏன் அம்மா?’ என்று அப்பொழுதே கேட்டுவிடுங்கள்.